காட்டுக்குள்ள ஒரு கீழ்ப் போர்ஷன்

வாங்க, வாங்க. செருப்பை அந்தப் பக்கமா விடுங்க, வாசப்படிக்கு நேரா விட்டா மேலருந்து குரல் வரும். ஆமா, நான்தான் செண்பகம். வீடு பாக்க ஒருத்தங்க வராங்க, கொஞ்சம் காட்டிடும்மான்னு ஓனர் காலைலயே சொல்லிட்டாரு. காலி பண்ணச் சொன்னவரு அவரு, அடுத்தவங்களுக்கு வீட்டைக் காட்ட வேண்டியது நான். ஆட்டையே மசாலா அரைக்கச் சொல்ற கதைதான், என்ன பண்றது.

இது ஹால். ஃபேன் நல்லா ஓடும், சத்தம் மட்டும் கொஞ்சம் போடும், பழகிட்டா தாலாட்டு மாதிரி. அது என் தையல் மிஷின். பிளவுஸ் தெக்கறேன். இது கிச்சன். மேடை உசரமா இருக்குன்னு பாக்கறீங்களா? கட்டினது ஓனரோட அண்ணன், ஆறடி ஆளு, சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாது அவருக்கு. நான் முக்காலி போட்டு நின்னுதான் தாளிப்பேன். தண்ணி காலைல வரும். மோட்டார் அவங்கதான் போடுவாங்க. தண்ணி வரலைன்னு மேல போய் நின்னீங்கன்னா, நேத்து நிறைய துணி துவைச்ச மாதிரி இருந்துச்சேம்மாம்பாரு. நம்ம கொடியை எண்ணிட்டு இருப்பாரு, வேற வேலை என்ன.

நீங்களும் பையனும் மட்டும்தானா? வீட்டுக்காரரு வெளியூரா? சரி சரி, உள்ள வந்து உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க. திருச்சி வெயிலுக்கு மோர்தான்.

நாங்க ஏன் காலி பண்றோம்னு ஓனர் என்ன சொன்னாரு உங்ககிட்ட? சொந்த வீடு கட்டிட்டோம்னா? அப்படியா சொன்னாரு. பாருங்க ஆளை. எங்ககிட்ட சொன்னது, எம் பொண்ணு குடும்பத்தோட இங்கயே வரா, அவளுக்கு வீடு வேணும்னு. எல்லா ஹவுஸ் ஓனருக்கும் ஒரு பொண்ணு இருக்கும் பாத்திருக்கீங்களா? அந்தப் பொண்ணு வந்துகிட்டே இருக்கும். நாங்க இருந்த வீட்லல்லாம் அது வரேன்னுதான் காலி பண்ணினோம். எந்த வீட்டுக்கும் அது வந்து சேர்ந்ததில்லை. பாவம், எங்க வழி தவறிப்போச்சோ.

ஆனா சொந்த வீடு கட்டிட்டோம்னு சொன்னாரு பாருங்க, அது முழுப்பொய்யும் இல்லை. கட்டினேன். நானே கட்டினேன். என்ன, அது காட்டுக்குள்ள இருக்கு. ஓநாய் வரும்.

பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகலை. மோரைக் குடிங்க, சொல்றேன்.

முதல்ல அந்தப் போர்டைப் பாத்துடுங்க. மாடிப்படிக்குக் கீழ, ஆமா, அதான். குடியிருப்போர் கவனத்திற்கு. கேட்டு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும். விருந்தாளி தங்கக் கூடாது. மொட்டை மாடில வத்தல் காயப்போடக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, தடிமனா, செவப்பு மையில, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. இது எல்லா வீட்லயும் உள்ளதுதானே, புதுசு இல்லை. எங்க காலண்டர் பாருங்க, ஜன்னல் கம்பில தொங்குது. கடிகாரம் பீரோ மேல படுத்திருக்கு. மணி பாக்கணும்னா எட்டிப் பாக்கணும், தொட்டில்ல கெடக்கற பிள்ளையைப் பாக்கற மாதிரி.

கடிகாரம் படுத்துக்கலாம். எங்கம்மா எப்படிப் படுக்கும்? அம்மா போட்டோவைச் சொல்றேன். அது போனதுக்கப்புறம் நல்லா பெருசா ஃபிரேம் போட்டு வாங்கிட்டு வந்தோம். மாட்ட எடமில்லை. ஃபிரிட்ஜ் மேல வெச்சேன். ஃபிரிட்ஜ் பழசு, நிக்கறப்ப ஒரு உதறு உதறும். உதறினா அம்மா அப்படியே சாஷ்டாங்கமா கவுந்துடும். மோர் எடுக்கக் கதவைத் தொறந்தா என் தலைல விழுந்து ஆசீர்வாதம் பண்ணும். அது உசுரோட இருந்தப்பயும் வாடகை வீடுதான். வீடு வீடா மாறி, ஒரு சுவத்துலயும் தன் கையால ஒரு ஆணி அடிச்சதில்லை. செத்தும் ஒரு சுவர் கெடைக்கலை. எனக்கு அதுதாங்க தாங்கவே இல்லை. வேற எது இல்லைன்னாலும் பரவால்லை.

ஓனர்கிட்ட போய்க் கேட்டேன். ராஜமாணிக்கம் சாரு, ரிட்டயர்டு ஆனவரு, படிச்சவரு, ஒரே ஒரு ஆணி, அம்மாவுக்கு மட்டும்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா? ஏம்மா, அம்மாவை மனசுல மாட்டிக்கம்மா, சுவத்துல எதுக்குன்னாரு. மனசுல ஆணி அடிச்சா வலிக்காதான்னு கேக்க நினைச்சேன். கேக்கலை. வீடு வேணுமே.

அந்தச் சமயத்துலதான் எம் பொண்ணு மதுமிதா கோயம்புத்தூர்ல காலேஜ் சேந்து ஹாஸ்டல் போனா. போன் பண்ணா, ம், சாப்ட்டேன், அப்புறம் பேசறேன், வெச்சுடுவா. ஆனா பாருங்க, லீவுக்கு வந்தா கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடுவா, ஹெட்போனை மாட்டிகிட்டு அவ ஃபிரெண்டுங்களோட மணிக்கணக்கா பேசுவா. அடிப்பாவி, இவளுக்கு வாய் இருக்கேன்னு பாத்தேன். நானும் வரேண்டி உன் கேமுக்குன்னேன். சிரிச்சா. வேண்டாம்மா, நீ செத்துடுவேன்னா. செத்தா சாகறேன், கூட்டிட்டுப் போன்னேன்.

கேம் என்னன்னா, நம்மளைக் கொண்டுபோய் ஒரு காட்டுல விட்டுடுவான். கைல ஒண்ணும் இருக்காது. மரம் வெட்டணும், மான் அடிச்சுத் திங்கணும், குடிசை கட்டணும். இருட்டிடுச்சுன்னா செத்துப்போன ஆளுங்கல்லாம் எந்திரிச்சு வரும், பிணம், கதவைத் தட்டும், ஒடைச்சா உள்ள வந்து கடிச்சுடும். பொழைச்சுக் கெடக்கறதுதான் கேம். மதுவும், அவ கூடப் படிக்கற ஜெபசிங்னு ஒரு பையன், நஸ்ரின்னு ஒரு பொண்ணு, மூணு பேரும் ஆடிட்டிருந்தாங்க. நாலாவதா நான், லீவு முடிஞ்சு போறப்ப மது வீட்டுக் கம்ப்யூட்டர்ல எனக்கும் அதைப் போட்டுக் குடுத்துட்டுப் போனா.

முதல் நாளே ஓநாய் கடிச்சு செத்தேன். வாசலை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு பாத்திட்டிருந்தேன், பின்னாடி வந்துடுச்சு. அடுத்து பசில செத்தேன். திங்கணும்கற ஞாபகமே இல்லை, கதவுக்கு எந்த மரம் நல்லா இருக்கும்னு தேடிட்டிருந்தேன். செத்தா திரும்பப் பொறக்கலாம், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னன்னா, அந்த கேமைச் செஞ்சவன் வாடகை வீட்லயே இருந்திருக்க மாட்டான் போல. சுவர் குடுத்திருக்கான், கூரை குடுத்திருக்கான், கோடாலி ஈட்டி எல்லாம் குடுத்திருக்கான். சுவத்துல மாட்டறதுக்கு ஒண்ணுமே குடுக்கலை. மொட்டைச் சுவரு.

மது சொன்னா, அதுக்கெல்லாம் மோட் போடணும்மா, நஸ்ரின் செய்வான்னு. மோட்னா ஒண்ணுமில்லை. ரெடிமேட் சுடிதார் வாங்கறோம், அது நமக்குச் சரியாவா இருக்கு? பக்கத்துல பிடிச்சு, கைக்கு லேஸ் வெச்சு, கழுத்தை எறக்கிப் போட்டுக்கறோம்ல? அதே மாதிரி, கேம்ல இல்லாததை வெளில இருக்கறவங்க செஞ்சு உள்ள வெச்சுத் தெச்சுடறது. அதைக் கேட்டதும் எனக்கு நஸ்ரினை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, என் தொழில்தான் அதுவும்.

என்ன ஆன்ட்டி வேணும், சொல்லுங்கன்னுச்சு. ஒரு ஆணின்னேன். எல்லாரும் டிராகன் கேப்பாங்க ஆன்ட்டின்னுச்சு. டிராகனை வெச்சு நான் என்ன பண்றது, எனக்கு ஆணி வேணும், ஒரு சுத்தியல் வேணும், அம்மா போட்டோ வேணும்னேன். போட்டோவைப் போன்ல எடுத்து அனுப்பினேன். ரெண்டு நாள்ல செஞ்சு போட்டுச்சு அந்தப் பொண்ணு. மாலையோட. மாலைல சின்னதா சீரியல் லைட்டு வேற, விட்டு விட்டு எரியும்.

நான் போய் சுவத்துக்கு முன்னாடி நின்னு ஒரு க்ளிக். ஆணி எறங்கிடுச்சு. இன்னொரு க்ளிக். அம்மா சுவத்துல. அந்தப் போட்டோல அது மொறைச்சுகிட்டு இருக்கும். ஸ்டுடியோக்காரன் சிரிங்கம்மான்னு சொல்லிட்டானாம், அந்தக் கோவம். காட்டுக்கு நடுவுல, ஹால் சுவத்துல இருந்து மொறைக்குது. நான் அழுதுட்டேங்க. ஹெட்போன்ல கேட்டிருக்கும் அதுங்களுக்கு. ஜெபசிங் மட்டும், ஆன்ட்டி பின்னாடி கரடின்னான். செத்தேன். ஆனா அம்மா சுவத்துலயே இருந்துச்சு. அது போதும்.

அப்புறம் என்ன, பிடிச்சுகிட்டேன். நஸ்ரினுக்கு நான் விட்ட வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. கோலம், எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு, தேதி கிழிக்கற காலண்டர், ஷோகேஸ், அதுக்குள்ள வெக்க பீங்கான் நாய். மேடை மட்டும் என் இடுப்பு உசரத்துக்கு. வீடு எப்படின்னா, இதே வீடுதான். எனக்குத் தெரிஞ்ச வீடு இதுதானே, வேற எதைப் பாத்துக் கட்டறது? இதே ஹால், இதே மொசைக், ஜன்னல் கம்பில இதே மயில். மேடையை விட்டா ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தினேன். மாடி போர்ஷன்ல நான்.

அங்க பனி சீசன்னு ஒண்ணு வந்துச்சு. வெளில நின்னா வெறைச்சு செத்துடணும். அதுங்க மூணும் ஒரு ஓலைக் குடிசைல நடுங்கிகிட்டு இருந்துச்சுங்க. எனக்கு மனசு கேக்கலை. கீழ்ப் போர்ஷன் சும்மாத்தானே கெடக்கு, வந்து இருங்கன்னேன். வாடகை? அடிக்கற மான்ல ஒரு தொடை, கொஞ்சம் வெறகு. சும்மா இருக்க விட்டா வீட்டோட மதிப்பு தெரியாது, அதுக்காக. ஜெபசிங்குக்கு மட்டும் முதல்ல யோசிச்சேன். பேச்சிலர் பையன் பாருங்க. மது கத்தினா, நாங்க எல்லாருமே பேச்சிலர்தாம்மான்னு. சரின்னு விட்டுட்டேன். நான் அதெல்லாம் பெருசா பாக்கறவ இல்லை.

வந்த அன்னிக்கே அவன் என்ன பண்ணான் தெரியுமா? ஒரு கரடியைக் கொன்னிருந்தான், அதோட தலையைக் கொண்டாந்து ஹால் சுவத்துல மாட்டப்போறேன்னான். ஆணி எடுத்துட்டான் கைல. எனக்கு உசுரே போயிடுச்சு. தம்பி, நிறுத்துன்னேன். ஏன் ஆன்ட்டின்னான். ஏனா? சுவத்துல ஓட்டை விழாதா? பூச்சு உதிராதா? ஒருத்தன் கரடி மாட்டுவான், அடுத்தவன் பன்னி மாட்டுவான், நாளைக்கு நீங்க போயிடுவீங்க, சல்லடையா நிக்கறது யாரு வீடு? ஆன்ட்டி, இது மரச்சுவர், இதுல பூச்சே இல்லைன்னான். வாய். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுக்கும் ஒரு பதில் இருக்கு. கரடியை மனசுல வெச்சுக்கப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஏன் சிரிக்கறீங்க? நான் அன்பாத்தான் சொன்னேன்.

வாயால சொன்னா தகராறுன்னு நஸ்ரின்கிட்ட ஒரு போர்டு செய்யச் சொன்னேன். அதுவும் செஞ்சு குடுத்துச்சு, நல்ல பொண்ணு. அடுப்பை இழுத்து இழுத்து எடம் மாத்தக் கூடாது, தரை கீறும். தோலை வாசல்ல காயப்போடக் கூடாது. இருட்டினா கேட்டு பூட்டப்படும். இதுல என்ன தப்பு சொல்லுங்க? பிணம் அலையற ஊர்ல கேட்டைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கவா முடியும்?

ஒரு நாள் ஜெபசிங் வேட்டைக்குப் போனவன் நேரத்துக்கு வரலை. இருட்டிடுச்சு. கேட்டைப் பூட்டிட்டேன். அப்புறம் ஓடி வரான், பின்னாடி பிணம் ஒரு கூட்டமே. ஆன்ட்டி தொறங்க, ஆன்ட்டி தொறங்கங்கறான். நான் மாடி பால்கனில நின்னு சொன்னேன், தம்பி, ஒருத்தருக்காகத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும், போர்டுல எழுதியிருக்குல்லன்னேன். போர்டைப் படிக்கற நிலைமைல அவன் இல்லை. கேட்டைப் பிடிச்சுகிட்டே செத்தான். ரொம்ப நாளா சேத்து வெச்சிருந்த சாமானெல்லாம் போச்சு அவனுக்கு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. கேட்டுல ரத்தம், யாரு கழுவறது?

மறுநாள் மூணு பேரும் சேந்துகிட்டாங்க. எம் பொண்ணு கேக்கறா, ஏம்மா, நீ பேசறது உனக்கே கேக்குதா? அப்படியே ராஜமாணிக்கம் அங்கிள் மாதிரியே இருக்குன்னா. பெத்த வயிறு எப்படி எரியும் சொல்லுங்க. அந்தாளு எங்க, நான் எங்க? அவரு அண்ணன் கட்டி வெச்ச வீட்ல உக்காந்துகிட்டு அதிகாரம் பண்றவரு. நான் ஒவ்வொரு மரமா வெட்டி, ஓநாய்கிட்ட கடி வாங்கிக் கட்டினவ. கட்டினவளுக்குத்தானே வலி தெரியும்? சொன்னேன். பனி முடிஞ்சதும் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை போட்டுகிட்டு மூணும் போயிடுச்சுங்க. எம் பொண்ணும்தான். போறப்ப நஸ்ரின் மட்டும், ஆன்ட்டி, போட்டோ மாலை வாடிடுச்சுன்னா சொல்லுங்க, புதுசு போடறேன்னுச்சு. அது மாலை வாடாது. அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, அதோட முடிஞ்சுதா? ஜெபசிங் ஒரு வேலை பண்ணிட்டான். என் ஹால்ல இருந்து அன்னிக்கு கேட்டுல நடந்தது வரைக்கும் எல்லாத்தையும் வீடியோவா எடுத்து வெச்சிருந்திருக்கான். அதை நெட்ல போட்டுட்டான். ஹவுஸ் ஓனர் ஆன்ட்டின்னு பேரு வெச்சிருந்தான், மரியாதையாத்தான் வெச்சிருந்தான், அதைச் சொல்லணும். அது சுத்து சுத்துன்னு சுத்தி, திருச்சில இருக்கற ரிட்டயர்டு ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து, மேல ஓனர் போன்ல எறங்கிடுச்சு.

சாயங்காலம் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெச்சிட்டிருக்கேன். ராஜமாணிக்கம் சாரு வேஷ்டியை மடிச்சுக் கட்டிகிட்டு வந்து நிக்கறாரு. கைல போனு. ஏம்மா, இது என்னதும்மாங்கறாரு. பாத்தா என் வீடு. காட்டு வீடு. ஹாலு, மயில் ஜன்னல், நடு சுவத்துல அம்மா. சார், இது கேமு சார்னேன். கேமோ காமோ, என் சுவத்துல ஆணி அடிச்சிருக்கியேங்கறாரு.

அவரு நம்ம ஹால்னே நினைச்சுகிட்டாருங்க. அதே வீடியோல பின்னாடி கேட்டைப் பிடிச்சுகிட்டு ஒருத்தன் அலர்றான், பிணம் அவனைக் கடிச்சு இழுக்குது. அது ஒண்ணும் அவரு கண்ணுக்குத் தெரியலை. ஆணி தெரிஞ்சிருக்கு.

சார், சுவரு இதோ இருக்கு, நீங்களே பாருங்கன்னேன். பாத்தாரு. கண்ணாடியைப் போட்டுகிட்டு, சுவத்தோட மூக்கை ஒட்டி வெச்சு, ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் உள்ளங்கையால தடவிகிட்டே போறாரு. டாக்டரு வயித்தை அமுக்கற மாதிரி. ஓட்டை இல்லை. அடிக்கவே இல்லை, எங்க இருக்கும்? உடனே என்ன சொல்றாரு? பேஸ்ட் வெச்சு அடைச்சுட்டியான்னு கேக்கறாரு. ஆமாங்க, பல்லு வெளக்கற பேஸ்ட்டு. வெள்ளைச் சுவத்துல ஓட்டையை மறைக்க அதானே வெப்பாங்க, நீங்களும் வெச்சிருப்பீங்க. மோந்து பாத்தாருங்க. சுவத்தை மோந்து பாத்தாரு. எங்க வீட்டுக்காரரு அப்பதான் வேலை முடிஞ்சு உள்ள வராரு, வந்தவரு அப்படியே செருப்போட நின்னுட்டாரு.

மோந்தும் திருப்தி இல்லை. பாக்கெட்டுல இருந்து சாவியை எடுத்து அங்கங்க சுரண்டினாரு. அதோ தெரியுது பாருங்க கீறல், அதெல்லாம் அவரு போட்டது. சுரண்டி முடிச்சுட்டு, கைல இருந்த சுண்ணாம்பைத் தட்டிகிட்டு, இங்க பாரும்மா, அடிக்கலைன்னாலும் அடிக்கற எண்ணம் உனக்கு இருந்திருக்கு, அடுத்த மாசம் எம் பொண்ணு வரா, வேற வீட்டைப் பாத்துக்கங்கன்னுட்டுப் போயிட்டாரு. எண்ணத்துக்குக் காலி பண்ணச் சொன்ன ஓனரை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்துட்டேன்.

எங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. திருஞானம்னு பேரு, மருந்துக் கம்பெனில ரெப்பா இருக்காரு. அவரு கொள்கை, யாருகிட்டயும் எதுக்கும் வாயைத் தொறக்கறதில்லை. பஸ்ல மீதி சில்லறைகூட கேக்க மாட்டாரு. அன்னிக்கு சோத்தைப் பிசைஞ்சுகிட்டே ரொம்ப நேரம் இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, செண்பகம், எப்படியும் போறோம், அடிச்சுட்டே போயிடலாம்.

மறுநாள் அவரே போய் ஆணி வாங்கிட்டு வந்தாரு, சுத்தியல் பக்கத்து வீட்ல எரவல். காலைல மேல மோட்டார் போடுவாங்க, அது ஒரு பேய்ச் சத்தம் போடும், அப்ப அடிச்சுடலாம்னு திட்டம். மோட்டார் ஓட ஆரம்பிச்சுது. கேம்ல ஒரு க்ளிக்தானே, அதே நினைப்புல ஒரு போடு போட்டேன். ஆணி வளைஞ்சுடுச்சு. இன்னொண்ணு. அது பறந்து போய் சாமி படத்துப் பக்கத்துல விழுந்துச்சு. மூணாவது, என் கட்டை விரல். பாருங்க, நகம் இன்னும் கறுப்பா இருக்கு. இத்தனை வயசுல நான் அடிக்கற முதல் ஆணிங்க அது. எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியலை. அதுக்குள்ள மேல மோட்டாரை நிறுத்திட்டாங்க.

நான் சுத்தியலைக் கீழ வெக்கப் போனேன். நம்ம அவரு ஓடிப்போய் என் தையல் மிஷின்ல உக்காந்துட்டாரு. ஊசில நூல் இல்லை, கீழ துணி இல்லை, காலை வெச்சு மிதிக்கறாரு பாருங்க, டடடடன்னு. அடி, நீ அடின்னு கண்ணைக் காட்டறாரு. வேர்த்துக் கொட்டுது அவருக்கு. அவரு மிதிக்க மிதிக்க நான் அடிக்கறேன். கொஞ்சம் பூச்சு பேந்துச்சு. எறங்கிடுச்சு. எறங்கினதும் சுத்தியலைக் கீழ வெச்சுட்டு அதையே பாக்கறேன். அவரு நிறுத்தலை. எறங்கிடுச்சுங்கன்னேன், காதுல விழலை, மிதிச்சுகிட்டே இருக்காரு. நான் போய் தோளைத் தொட்டுத்தான் நிறுத்தினேன்.

எங்கன்னு தேடறீங்களா? ஹால்ல அடிக்க தைரியம் இல்லைங்க. வாங்க, எந்திரிங்க, இந்த ரூமுக்கு வாங்க. ஓனர் உள்ள வந்தா இந்தக் கதவை முழுசாத் தள்ளிட்டுத்தான் வருவாரு, தொறந்தா கதவு இந்தச் சுவத்தை மறைச்சுடும். கீழ தடுப்புக் கட்டை இருக்கறதால கதவு சுவத்துல இடிக்காது, நடுவுல ஒரு சந்து. அவரு ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டாரு, தெரியலை. கதவைச் சாத்தறேன், பயப்படாதீங்க.

இதோ. இதான் எங்கம்மா.

மொறைக்குது பாருங்க. கதவுக்குப் பின்னாடி நிக்க வெச்சுட்டோம்னு கோவமோ என்னவோ. இருக்கட்டும். ஃபிரிட்ஜ் மேல இருந்து விழறதுக்கு இது மேல். போட்டோவை எடுத்து மதுவுக்கு அனுப்பினேன். உடனே போன் பண்ணா. கேம்ல இல்லை, போன்ல. நிஜ சுவராம்மான்னு கேட்டா. நிஜ சுவருதாண்டின்னேன். ரொம்ப நேரம் பேசினா அன்னிக்கு. ஜெபசிங் கொட்டகைல கரடித் தலையை மாட்டிட்டானாம், சுவர் இன்னும் நிக்குதாம். நிக்கட்டும். நானும் காட்டு வீட்ல கேட்டுல ஒரு போர்டு வெச்சிருக்கேன், கீழ்ப் போர்ஷன் வாடகைக்கு, குடும்பத்தினருக்கு மட்டும்னு. யாரும் வரலை. பிணம் ஒண்ணு ரெண்டு வந்து படிச்சுட்டுப் போகுது.

அட, என்னங்க, ஏன் அப்படியே நின்னுட்டீங்க? கண்ணெல்லாம் கலங்குது. எங்கம்மா மொறைப்பு அப்படித்தான், தப்பா எடுத்துக்காதீங்க.

என்ன சொன்னீங்க? போன வருஷமே தவறிட்டாரா?

அடடா. தெரியாமக் கேட்டுட்டேங்க, வீட்டுக்காரரு வெளியூரான்னு. வாய் இருக்கே எனக்கு. மன்னிச்சுக்கங்க. சின்ன வயசா இருப்பாரேங்க. உக்காருங்க, கட்டில்ல உக்காருங்க.

போட்டோ எங்க வெச்சிருக்கீங்க அவரோடது? பீரோ மேலயா. சாய்ச்சுத்தானே. தெரியும். ஃபேன் போட்டா மாலை பறக்கும், பையன் பீரோவைத் தொறந்தா ஆடும். தெரியும்ங்க.

இங்க பாருங்க. இந்த வீட்டை நீங்களே எடுத்துக்கங்க. மேடை உசரம்தான், தண்ணி கஷ்டம்தான், அந்தாளு கொடியை எண்ணுவாருதான். எடுத்துக்கங்க. நான் போறப்ப எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவேன், அம்மாவையும் எடுத்துட்டுப் போவேன். ஆணியைப் பிடுங்க மாட்டேன். ஓனர்கிட்ட சாவி குடுக்கறப்ப இந்தக் கதவை நல்லா விரியத் தொறந்து வெச்சுட்டுப் போறேன். நீங்க வந்து சாமான் எறக்கின அன்னிக்கே கதவைச் சாத்திட்டு உங்க வீட்டுக்காரரு போட்டோவை மாட்டிடுங்க. முக்காலியை கிச்சன்லயே விட்டுட்டுப் போறேன், ஏறி மாட்டறதுக்கும் ஆகும்.

மெதுவா பேசுங்க, மேல நடமாட்டம் கேக்குது.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆணி ஒண்ணு இருக்கேன்னு பக்கத்துல இன்னொண்ணு அடிச்சுடாதீங்க. காலண்டர் மாட்டறேன், பையனோட மெடலு மாட்டறேன்னு ஆரம்பிச்சீங்கன்னா சுவரு போயிடும். நான் ரத்தம் கட்டி அடிச்ச சுவருங்க இது. கொஞ்சம் பாத்துப் பதனமா வெச்சுக்கங்க.